கோயில் வாசலில் கழற்றிய சப்பாத்து

அந்த மாதா கோயிலின் வாசல்படியில் நான் வெறும் காலுறையோடு நின்றேன். இடது காலுறையின் நுனியில் ஓர் ஓட்டை. அதன் வழியாகப் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. நிலைமை எனக்கு விளங்குவதற்கு முன்னமே அதற்கு விளங்கிவிட்டதுபோல், குளிரில் சுருங்கிக்கொண்டது.

பத்து நிமிடத்துக்கு முன்னால் அதே படியில், ஓரமாக, ஒன்றோடொன்று ஒட்டி, மூக்கு வெளியே பார்க்க ஒரு சோடி சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போயிருந்தேன். கறுப்புத் தோல். அடியில் கொளுக்கி வைத்த, சைக்கிள் பந்தயக்காரர் போடுகிற சப்பாத்து. இப்போது படி இருந்தது. சப்பாத்து இல்லை.

மழை பெய்து ஓய்ந்த சனிக்கிழமை முற்பகல். தெருவில் ஒரு பூனைகூட இல்லை. மாடுகளின் கழுத்து மணி, ஈரப் புல்லின் வாசம், எந்த வீட்டிலிருந்தோ வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் மணம். கோயில் கோபுரம் ஒரு பெரிய மணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற உருவம். அதன் மேல் மஞ்சளும் பச்சையுமாக ஓடுகள், மீன் செதில் மாதிரி மினுங்கின. முன்னூறு வருடத்துக் கோயில் என்று, என்னோடு சைக்கிளில் வந்த ரெனே சொல்லியிருந்தார். அந்த முன்னூறு வருடத்தில் ஒருத்தரும் அந்த வாசலில் சப்பாத்தைக் கழற்றியதில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

அந்த நேரம் எனக்கிருந்த ஒரே துக்கம் சப்பாத்துத்தான். நான் எந்த நாட்டில் நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சப்பாத்துக்காக அழுதிருக்க மாட்டேன்.

வாய் செய்த வேலை

சுவிற்சர்லாந்தின் பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்தில் நான் உருளைக்கிழங்கு உரித்த வரலாற்றைப் போன கிழமை எழுதியிருந்தேன். 'இதெல்லாம் ஒரு வரலாறா?' என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஆகவே இந்தக் கிழமை வீர சாகசம்.

அந்தக் கூடத்தின் தலைமைச் சமையற்காரர்தான் ரெனே. ஐம்பது வயது, இரும்புக் கம்பி மாதிரி உடம்பு. அவருக்குத் தெய்வம் இரண்டு: ஒன்று வெண்ணெய், மற்றது சைக்கிள். முதல் தெய்வம் ஏற்றிய கொழுப்பை இரண்டாவது தெய்வம் இறக்கும். அவர் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் கலந்து கதைப்பார். அதை அப்படியே எழுதினால் ஆசிரியர் இந்தத் தொடரையே நிறுத்திவிடுவார். ஆகையால் என் காதில் விழுந்த தமிழிலேயே எழுதுகிறேன்.

யூலை மாதத்தில் ஒரு நாள் கூடத்துத் தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. ரெனே கரண்டியோடு நின்று பார்த்தார்.

"பாலா, உங்கட நாட்டில சைக்கிள் இருக்கோ?" என்று கேட்டார்.

இருக்கிறது என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைப் பார்த்திருக்கலாம். நான் கத்தியைக் கீழே வைத்தேன். யாழ்ப்பாணத்தில் பிள்ளை நடக்கப் பழகுமுன் சைக்கிள் பழகும் என்றேன். பெற்றோல் இல்லாத காலத்தில் நாளுக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடியவன் நான் என்றேன். கரியரில் ஓர் ஆள், பாரில் ஓர் ஆள், கைப்பிடியில் மண்ணெண்ணெய்க் கலன் என்றேன். இத்தனையும் உண்மை. யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்ற ஒரு சிறு விவரத்தை மட்டும் விட்டுவிட்டேன். கீரிமலை என்று ஓர் ஊர் உண்டு. கடற்கரை அது.

ரெனேயின் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நாளும் ஒரு மலையேறியைக் கொண்டு கிழங்கு உரிப்பிச்சிருக்கிறன்," என்றார்.

அடுத்த கிழமையே அவருடைய தம்பியின் பழைய பந்தயச் சைக்கிளும், சப்பாத்தும், தொப்பியும், சட்டையும், உடம்போடு ஒட்டுகிற ஓர் அரைக் காற்சட்டையும் என்னிடம் வந்து சேர்ந்தன. காற்சட்டைக்குப் பின்பக்கம் மெத்தை வைத்துத் தைத்திருந்தார்கள். அது ஏன் என்பது எனக்கு அந்தச் சனிக்கிழமை பின்னேரம் தெரிந்தது.

குலம் அண்ணையின் சட்டப் புத்தகம்

சனிக்கிழமை விடிய அந்த உடுப்போடு அறையை விட்டு வெளிக்கிட்டேன். குலம் அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலை மறித்தார். என்னோடு ஒரே அறையில் இருந்தவர். எண்பதுகளிலேயே வந்துவிட்டவர் என்பதால் சுவிற்சர்லாந்தின் சட்டம் முழுவதும் தன் தலைக்குள் இருப்பதாக அவருக்கு ஒரு நம்பிக்கை.

"டேய் தம்பி, உந்தக் காற்சட்டைக்கு மேல ஒண்டும் போடேல்லையோ?"

"இதுதான் அண்ணை மேல போடுறது."

"அப்ப உள்ளுக்கை போடுறது என்ன மாதிரி இருக்கும்? சரி, எங்கை போறாய்?"

"ரெயிலில சைக்கிளை ஏத்திக்கொண்டு ரெனேயின்ர ஊர்ப்பக்கம். ஜூரா மலை."

குலம் அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது பிரான்ஸ் எல்லையல்லோ. உன்னட்டை இருக்கிறது N அட்டை. அகதி விண்ணப்பம் போட்டவன் நாட்டை விட்டு வெளிய போகேலாது. எல்லைக்கு அங்கால ஒரு கால் வைச்சுப் பிடிபட்டியெண்டால் கேஸ் முடிஞ்சுது. மற்றக் காலையும் வைச்சு அப்பிடியே நடந்து போக வேண்டியதுதான். கௌரியும் கொழும்பிலயே இருக்க வேண்டியதுதான்."

கடைசி வசனம் எனக்குச் சுட்டது. கௌரி எனக்கு நிச்சயித்த பெண். வெள்ளவத்தையில் மாமா வீட்டு அறையொன்றில் இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். தலைநகர் பேர்னிலிருந்து எனக்கு அனுமதி கிடைத்தால் அவள் வரலாம். கிடைக்காவிட்டால் நான் போகவேண்டும். அவளுடைய கடிதங்கள் என்ன கதையில் தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் முடியும்: 'பேர்னிலிருந்து பதில் வந்ததோ?'

ஆனால் பந்தய உடுப்புப் போட்டவனுக்குப் பயம் வரலாமோ?

"அண்ணை, எல்லையெண்டால் என்னெண்டு எனக்குச் சொல்லித் தாறியளோ? மண்மூட்டை இருக்கும், முள்ளுக்கம்பி இருக்கும், நாலு பேர் துவக்கோட நிப்பாங்கள். அரைக் கட்டை தூரத்திலயே மூக்கு மணந்துபோடும். நான் திரும்பி வந்திடுவன்."

இதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் எங்கள் ஆட்கள் மட்டும்தான்.

மூன்று பேரும் ஒரு தையல் மிஷினும்

பேர்னில் நடந்த விசாரணையையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். சைக்கிள் அங்கேயும் வந்தது.

ஊரை விட்டு எப்படி வெளிக்கிட்டீர்கள் என்று அதிகாரி கேட்டார். சைக்கிளில் என்றேன். எத்தனை பேர்? நான், அக்கா, அக்காவின் மகள். சாமான்? அக்காவின் தையல் மிஷின். மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். அதிகாரி பேனையைக் கீழே வைத்தார்.

"ஒரு சைக்கிளில் மூன்று பேரும் ஒரு தையல் மிஷினுமா?"

"ஓம்."

"எவ்வளவு தூரம்?"

"முப்பது கிலோமீற்றர் வரும்."

அவர் நல்ல மனிதர். ஒரு தாளைத் தந்து வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தேன். எனக்கு வரைதல் வராது. தாளில் அக்காவின் தலைக்கு மேல் மிஷின் முளைத்திருந்தது. மருமகளுக்கு மூன்று கால் இருந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு என் வழக்குக் கோவைக்குள் வைத்தார். நாலு மணித்தியாலம் நான் அந்த அறையில் சொன்னதெல்லாம் உண்மை. நாலு மணித்தியாலமும் அந்த மனிதரின் முகம் 'கதை விடாதே' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒரு பதிலும் வரவில்லை. அந்தப் படத்தை யாரோ இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஏற்றம்

ரெயிலால் இறங்கிய இடத்திலேயே முதல் விழுதல். அந்தச் சப்பாத்து மிதியோடு கொளுவிக்கொள்ளும். கழற்றுவதற்குக் குதிக்காலை வெளியே திருப்பவேண்டுமாம். நான் ஊரில் இறங்குவதுபோல நிறுத்திவிட்டு இறங்கப் பார்த்தேன். சைக்கிள் நின்றது. கால் வரவில்லை. மரம் சரிவதுபோல் நிதானமாக, ஸ்டேஷன் வாங்கிலில் இருந்த மூன்று மூதாட்டிகளின் காலடியில் போய் விழுந்தேன். ஒருத்தி எனக்கு வணக்கம் சொன்னாள்.

பிறகு மலை தொடங்கியது. பிரதான வீதி வேண்டாம், உனக்கு அழகான சின்னப் பாதை காட்டுகிறேன் என்று ரெனே காட்டுக்குள் திருப்பினார். பாதை வளைந்து மேலே போனது. வளைவு முடிந்தால் இறக்கம் வரும் என்று எண்ணி மிதித்தேன். வளைவு முடிந்தது. இன்னொரு வளைவு வந்தது. சைக்கிள் சட்டத்தில் இரண்டு சிறிய பிடிகள் இருந்தன. விளக்குப் போடுகிற சுவிட்சு என்று நினைத்து, பகல்தானே என்று அவற்றைத் தொடவில்லை. முழங்கால் இரண்டும் கழன்று விழப்போகிற நேரத்தில் ரெனே திரும்பி வந்தார்.

"பாலா, ஏன் கியர் மாத்தாமல் ஓடுறாய்?"

"எங்கட ஊரில இப்பிடித்தான்," என்றேன். என்ன செய்வது, வாயும் என்னோடுதானே வந்திருந்தது.

அவர் மரியாதையோடு தலையை ஆட்டிவிட்டு முன்னே போனார். நான் அந்த வளைவு முழுவதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன்.

உச்சியில், பீச் என்கிற காட்டு மரங்களுக்கு நடுவே, பாசி பிடித்த ஒரு கல் நின்றது. ஒரு முகத்தில் ஏதோ ஓர் எழுத்து, மறுமுகத்தில் வேறோர் எழுத்து. கிலோமீற்றர் கல்லாக்கும் என்று நினைத்தேன். அதன் மேல் குந்தியிருந்து, ஒரு காலை இந்தப் பக்கமும் மறு காலை அந்தப் பக்கமும் தொங்கப் போட்டுக்கொண்டு, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டேன். மிகவும் நிம்மதியான வாழைப்பழம்.

அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம். காற்றில் கண்ணீர் வழிந்தது. புல்வெளி, பழுப்பு மாடு, ஒரு சின்னக் கிராமம், அதன் கோபுரம், பிறகு இன்னொரு கோபுரம். ஒவ்வொரு கோயிலுக்கும் ரெனேயிடம் வயதும் வரலாறும் இருந்தன. ஆனால் ஒன்றுக்குள்ளும் அவர் காலடி வைக்க மாட்டார். சின்ன வயதில் ஊர்ப் பாதிரியாரோடு ஏதோ சண்டை. கோயிலால் அவருக்கு ஒரே ஒரு பயன். பின்னாலுள்ள மயானத்தில் கட்டாயம் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கும்.

"நீ வேணுமெண்டால் உள்ளுக்கை போய்ப் பார். நான் செத்த ஆக்களிட்டைத் தண்ணி வாங்கிக்கொண்டு வாறன்," என்று போத்தல்களோடு பின்பக்கம் போனார்.

எங்கள் ஆட்களுக்குக் கும்பிட ஒரு கோபுரம் போதும். உள்ளே இருப்பது யார் என்று விசாரிப்பதில்லை. குலம் அண்ணை வருடா வருடம் கறுப்பு மாதாவுக்கு நேர்த்தி வைத்து பஸ் பிடித்துப் போகிறவர். நானும் வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே மெழுகின் மணம், குளிர்ந்த கல். காலுறையோடு வாங்கில்களைச் சுற்றி மூன்று தரம் வலம் வந்தேன். ஒரு மெழுகுதிரி ஏற்றினேன். 'பேர்னுக்கு ஒரு நல்ல புத்தி கொடு தாயே, அந்தக் கடிதம் வரட்டும்' என்று கேட்டேன்.

இரண்டாம் சுற்றில் வெளியே ஒரு வான் வந்து நின்று, கதவு அடித்து, புறப்பட்டுப் போன சத்தம் கேட்டது. என்னைப்போல ஒரு பக்தர் என்று நினைத்துக்கொண்டேன்.

கொடி

ஆக, படியில் காலுறையோடு நான்.

பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மா வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். பூப்போட்ட ஏப்ரன், காலில் பச்சை றப்பர் பூட்ஸ், இரண்டு கையிலும் துணி மூட்டை. என்னைக் கண்டார். என் காலைக் கண்டார். மூட்டைகளைப் போட்டார். ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே ஓடி, ஒரு பெட்டியோடு வந்து, அதிலிருந்து சப்பாத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து என் காலோடு அளந்து பார்க்கத் தொடங்கினார். முதலில் குதியுயர்ந்த ஒரு சிவப்புச் சப்பாத்து. பிறகு ஒரு குழந்தையினுடையது. பிறகு ஒற்றை.

என்னிடம் இருந்தது சமையலறைப் பிரெஞ்சு. உப்பு, வெங்காயம், கெதியாய், இன்னும் கெதியாய். இவற்றை வைத்துக்கொண்டு களவுபோன சப்பாத்தை விளக்க முடியாது. நல்லவேளை, ரெனே தண்ணீரோடு வந்தார். இருவரும் கதைத்தார்கள். அந்த அம்மா கையால் வாயைப் பொத்தினார். ரெனே படியிலேயே உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தார்.

"என்ன சொல்லுறா?"

"இவ ஓடெட். இண்டைக்கு ஊரில உடுப்புச் சேர்க்கிற நாளாம். குடுக்கிற சாமானைக் கோயில் வாசல்படியில வைச்சால் இவவின்ர புருசன் வானில வந்து எடுப்பாராம். நீயும் வடிவா சோடி சேர்த்து வைச்சிருந்தாயாம். இப்பிடி நல்ல சப்பாத்து ஒருத்தரும் குடுக்கிறேல்லை எண்டு மனுசன் அதைத்தான் முதல் ஏத்தினவராம். வான் நகரத்துக்குப் போட்டுது."

"ஆருக்குக் குடுக்கிறதுக்காம்?"

ரெனே கண்ணைத் துடைத்தார். "அகதிகளுக்கு. பொஸ்னியாவிலயிருந்து வந்த ஆக்களுக்கு."

நான் என் பெருவிரலைப் பார்த்தேன்.

"ரெனே, நானும் ஒரு அகதி எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ."

"சொல்லியாச்சு. அதுக்குத்தான் வாயைப் பொத்தினவ."

"சரி. பொலிசிலயோ எங்கயோ சொல்லி அந்த வானை நிப்பாட்டேலாதோ?"

"சனிக்கிழமை, கஷ்டம். எண்டாலும் மேயர் கந்தோரில கேட்டுப் பாக்கலாம். அந்தா, கொடி பறக்குதே, அதுதான்."

பார்த்தேன். கொடி பறந்தது. ஆனால் சிவப்பில் வெள்ளைச் சிலுவை இல்லை. நீலம், வெள்ளை, சிவப்பு.

"ரெனே, அது என்ன கொடி?"

"பிரான்ஸ் கொடி."

"பிரான்ஸ் கொடியை ஏன் இங்கை கட்டியிருக்கினம்?"

"ஏனெண்டால் இது பிரான்ஸ்."

என் வாழ்க்கையில் பலர் பல செய்திகளைச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு சாதாரணமாக ஒருத்தரும் சொன்னதில்லை. ரெனேக்கு எல்லை என்பது மலிவாக இறைச்சி வாங்குகிற இடம். அவருடைய தகப்பனார் அந்தக் காட்டுப் பாதையால் தினமும் பால் கொண்டு போனவராம்.

"எல்லை எங்கை இருந்தது?" என்று கேட்டேன்.

"நீ குந்தியிருந்து வாழைப்பழம் சாப்பிட்டியே, அந்தக் கல்."

மண்மூட்டை இல்லை, முள்ளுக்கம்பி இல்லை, மூக்குக்கு ஒரு மணமும் இல்லை. நான் அப்படியே படியில் இருந்துவிட்டேன். கௌரியின் கடிதங்கள், குலம் அண்ணையின் கோப்பை, பேர்னில் தூங்குகிற என் படம் எல்லாம் வரிசையாக வந்து போயின. ரெனேக்கு விஷயத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவருடைய சிரிப்பு இறங்கியது.

"அந்த அட்டையில அப்பிடியெல்லாம் இருக்குதோ? நான் நூலக அட்டை மாதிரி எண்டெல்லோ நினைச்சன்," என்றார்.

ஓடெட் அம்மாவுக்கு நாங்கள் ஜெர்மனில் கதைத்தது விளங்கவில்லை. என் முகம் விளங்கியிருக்கும். பெட்டியில் எனக்குப் பொருந்துகிற எதுவும் இல்லை. அவர் என் பக்கத்தில் படியில் இருந்தார். தன்னுடைய பச்சை பூட்ஸ் இரண்டையும் இழுத்துக் கழற்றினார். என் முன்னால், ஒன்றோடொன்று ஒட்டி, வடிவாகச் சோடி சேர்த்து வைத்தார். பிறகு எழுந்து, ஈரத் தெருவில் வெறும் காலுறையோடு நடந்து தன் வீட்டுக்குள் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. நன்றி என்பதற்கான பிரெஞ்சு எனக்குத் தெரியும். அந்த நேரம் வெங்காயம்தான் ஞாபகம் வந்தது.

கல்லுக்குத் திரும்புதல்

கொளுக்கி மிதியில் றப்பர் பூட்ஸ் போட்டு மலையேறுவது எப்படி என்று யாரும் புத்தகம் எழுதவில்லை. நான் எழுதலாம். பூட்ஸ் வழுக்கும். மிதி சுழன்று வந்து முழங்காலில் அடிக்கும். உள்ளே நீர் கோத்து, ஒவ்வொரு மிதிக்கும் தவளை மாதிரி ஒரு சத்தம் வரும். பூட்ஸ் எனக்கு ஒரு அளவு சின்னது வேறு. இந்தத் தடவை கியரை ரெனேயே மாற்றிவிட்டார். பயம் பின்னால் நின்று தள்ளியது. அன்று நான் ஏறிய வேகத்தில் காலையில் ஏறியிருந்தால் உண்மையிலேயே மலையேறி என்று பெயர் வாங்கியிருப்பேன்.

பீச் மரங்கள் தெரிந்தன. கல் தெரிந்தது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கார் தெரிந்தது. காருக்கு வெளியே சுவிஸ் எல்லைக் காவலர் இருவர்.

"களவாக் கொண்டு வாற இறைச்சி தேடுறாங்கள்," என்று ரெனே முணுமுணுத்தார். அவர் முகமும் வெளிறிப்போயிருந்தது. அவருடைய சட்டையின் முதுகுப் பையில் இரண்டு கிலோ பிரெஞ்சு சொசேஜ் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். மயானத்துத் தண்ணீருக்குப் போனவர் வழியில் வேறு காரியமும் பார்த்திருக்கிறார்.

மீசை வைத்த காவலர் கையை உயர்த்தினார். ரெனேயைப் பார்க்கவில்லை. என்னை, தலையிலிருந்து மெதுவாக இறங்கிப் பார்த்தார். பந்தயத் தொப்பி, பந்தயச் சட்டை, மெத்தை வைத்த காற்சட்டை, அதன் கீழே பச்சை றப்பர் பூட்ஸ்.

"பூட்ஸைக் கழட்டுங்கோ," என்றார்.

ஒரே நாளில் இரண்டாம் தரம். கழற்றினேன். உள்ளே இறைச்சி இருக்கும் என்று எதிர்பார்த்திருக்கிறார். என் பெருவிரல் ஓட்டையால் எட்டிப் பார்த்தது.

"ஏன் இதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஓடுறீங்கள்?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். நல்ல பொய்க்கு நல்ல ஜெர்மன் வேண்டும். என்னிடம் இருந்த ஜெர்மனுக்கு உண்மைதான் கட்டுப்படியாகும்.

"நான் ஒரு அகதி. கோயிலில சப்பாத்தைக் கழட்டி வைச்சனான். அகதிகளுக்கு எண்டு எடுத்துக்கொண்டு போட்டினம்."

அவர் என்னைப் பார்த்தார். மீசை துடித்தது. "மார்க்குஸ், இங்கை வா," என்று மற்றவரைக் கூப்பிட்டார். "திரும்பச் சொல்லுங்கோ."

திரும்பச் சொன்னேன். மார்க்குஸ் காரில் சாய்ந்துகொண்டு சிரித்தார். என் கை முதுகுப் பைக்குள் போய், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த N அட்டையைப் பிடித்தது. எடுத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது. கை அட்டையின் மூலையில் இருந்தது.

"நல்ல பகிடி," என்று மீசைக்காரர் கண்ணைத் துடைத்தார். "ஆனால் ஒரு பிழை விட்டிட்டீங்கள். அகதியெண்டால் நாட்டை விட்டு வெளிய வரேலாது. நீங்கள் பிரான்சிலயிருந்தெல்லோ வாறீங்கள். கதை கட்டேக்கை அதையும் யோசிக்கவேணும்."

"ஓம். அதை யோசிக்கேல்லை," என்றேன். அன்று நான் சொன்ன எல்லாவற்றிலும் பெரிய உண்மை அது.

"போங்கோ," என்றார். பிறகுதான் அவருடைய பார்வை ரெனேயின் முதுகு வீக்கத்துக்குப் போனது.

பேர்னில் நாலு மணித்தியாலம் உண்மையைச் சொன்னேன். நம்பாததால் இரண்டு வருடம் போனது. அந்தக் கல்லடியில் ஒரு நிமிடம் உண்மையைச் சொன்னேன். நம்பாததால் தப்பினேன். சுவிற்சர்லாந்து எனக்கு அநியாயம் செய்தது என்று இனி நான் சொல்ல முடியாது. கணக்குச் சரி. ரெனேயைத்தான் கேட்கவேண்டும். சொசேஜ் முழுவதும் போய்விட்டது. ரெயில் ஏறும்வரை அவர் யாரோ செத்துப்போனது மாதிரி வந்தார்.

அறைக் கதவைத் திறந்த குலம் அண்ணை என் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"என்ன கோலமடா இது? சப்பாத்து எங்கை?"

"கோயில் வாசலில களவு போட்டுது அண்ணை."

அவர் பெருமூச்சு விட்டார். "இங்கத்தைக் கோயிலிலயும் தொடங்கிட்டாங்களோ?"

பிரெஞ்சுச் சப்பாத்து

பேர்னிலிருந்து கடிதம் வந்தது. அதே வருடமா, அடுத்த வருடமா என்று சரியாக ஞாபகம் இல்லை. பனி கொட்டிய நாள் என்பது மட்டும் தெரியும். மாதாவா, என் படமா, யார் வேலை செய்தது என்றும் தெரியாது.

கௌரியும் ஒரு மாசி மாதத்தில்தான் வந்து இறங்கினாள். சேலை, மெல்லிய ஸ்வெற்றர், காலில் வெள்ளவத்தையில் வாங்கிய செருப்பு. வெளியே முழங்கால் அளவு பனி. நான் ஒரு பையை நீட்டினேன். கழுவித் துடைத்து, உள்ளே கம்பளிக் காலுறை வைத்த பச்சை பூட்ஸ். போட்டுப் பார்த்தாள். அவளுக்கென்றே அளவெடுத்ததுபோல இருந்தது.

"எங்கை வாங்கினியள்?"

"பிரான்ஸ்," என்றேன். பொய் இல்லை.

அவள் நடந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். அடுத்த கிழமை தங்கைக்கு எழுதிய கடிதத்தில், 'இவர் எனக்காகப் பிரான்ஸ் வரைக்கும் போய்ச் சப்பாத்து வாங்கி வைத்திருந்தார்' என்று எழுதியிருந்தாள். எனக்கு வாசித்தும் காட்டினாள். திருத்தலாம் என்று பார்த்தேன். எங்கே திருத்துவது என்று தெரியவில்லை.

இத்தனை வருடமாக அந்த பூட்ஸ்தான் அவளுடைய பெருமை. நகரத்து ஓரத்தில் வாடகைக்கு எடுத்த எங்கள் சின்னத் தோட்டத்தில் கத்தரிக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் அதைத்தான் போட்டுக்கொண்டு நிற்பாள். யாராவது தொட்டால், "கவனம், அது பிரான்ஸ் சாமான்," என்பாள். ஓடெட் அம்மா அன்று சேர்த்ததெல்லாம் யாருக்குப் போனதோ தெரியாது. காலிலிருந்து கழற்றிக் கொடுத்தது மட்டும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவும் இரண்டு தரம்.

இவ்வளவையும் கௌரிக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. இந்த இதழ் எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை காலை வரும். அவள் முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.

சனிக்கிழமை காலை நான் சைக்கிளோடு மலைப்பக்கம் போய்விடுவேன். பூட்ஸை வாசலில், மூக்கு வெளியே பார்க்க, சோடி சேர்த்து வைத்துவிட்டுப் போகிறேன்.